குழந்தையின் வயிற்றுப் பிரச்சினைக்கு வீடியோ காலா, நேரில் போவதா, இல்லை நடுவில் இன்னொரு வழியா?

ஐந்து வயதுப் பையன், மலச்சிக்கல் என்று மூன்று தடவை என்னிடம் நேரில் வந்துபோயிருந்தான். மருந்து கொடுத்தால் சரியாகும், குறைத்தால் பழையபடி நாலைந்து நாள் போகாமல் அடக்கிக்கொள்வான். நான்காவது தடவை அவனுக்குச் சளி, அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று வீடியோ காலில் பார்த்தோம். பேச்சுவாக்கில் அவன் அம்மாவிடம், "போனை அப்படியே பாத்ரூமுக்குக் கொண்டு போங்கம்மா, அவன் எப்படி உட்காருகிறான் என்று பார்ப்போம்" என்றேன். பெரியவர்கள் உட்காரும் உயரமான கோப்பை. பையன் உள்ளே விழுந்துவிடுவோமோ என்ற பயத்தில் இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்தான். கால் இரண்டும் தரையைத் தொடாமல் தொங்கிக்கொண்டிருந்தன. அப்படி உட்கார்ந்தால் ஆசனவாய்த் தசை தளராது, முக்குவதற்குக் கால் ஊன்றவும் வழியில்லை. காலுக்குக் கீழே ஒரு முக்காலி, கோப்பை மேல் சின்ன இருக்கை, சாப்பிட்டதும் ஐந்து பத்து நிமிடம் உட்காரும் பழக்கம், இவ்வளவுதான் அதுவரை விட்டுப்போயிருந்தது. மூன்று தடவை என் அறையில் படுக்க வைத்து வயிற்றை அழுத்திப் பார்த்தும் எனக்குத் தெரியாமல் போன விஷயம்.

இதோடு நிறுத்திக்கொண்டு வீடியோ கால்தான் நல்லது என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே மாதத்தில் இன்னொன்றும் நடந்தது. ஆறு வாரக் குழந்தை, பிறந்தபோது வந்த மஞ்சள் இன்னும் போகவில்லை என்று அழைத்தார்கள். திரையில் குழந்தை நன்றாகத்தான் இருக்கிறது, பால் குடிக்கிறது, கை காலை உதைக்கிறது. மலம் என்ன நிறம் என்று கேட்டால் "மஞ்சள்தான் டாக்டர்" என்று அப்பா டயப்பரைத் தூக்கிக் காட்டுகிறார். அறையில் மஞ்சள் பல்பு. டயப்பரின் வெள்ளை ஓரம்கூட மஞ்சளாகத்தான் தெரிந்தது, அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இன்றைக்கே தூக்கிக்கொண்டு வாருங்கள் என்றேன். பகல் வெளிச்சத்தில் பார்த்தால் வெளுத்த களிமண் நிறம்.

மலம் அப்படி வெளுத்துப்போனால் ஈரலிலிருந்து பித்தம் குடலுக்கு இறங்கவில்லை என்று அர்த்தம், பிலியரி அட்ரேசியா என்கிற பித்தநாள அடைப்பாக இருக்கலாம். அதற்கு கசாய் என்ற ஜப்பானிய அறுவை மருத்துவர் பெயரில் உள்ள அறுவை சிகிச்சையை 60 நாள் வயதுக்குள் செய்தால் பலன் அதிகம், தள்ளிப்போகப் போக ஈரல் கெட்டுக்கொண்டே வரும். ஆறு வாரக் குழந்தைக்கு அந்தக் கணக்கில் மிச்சம் இருப்பது சுமார் 18 நாள். தைவானில் 2004 முதல் பிறந்த குழந்தைகளின் பெற்றோர் எல்லோருக்கும் மல நிற அட்டை கொடுப்பது இதற்காகத்தான்: அச்சடித்த நிறத்துக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும், போன் கேமராவை நம்பி அல்ல.

சரி, இந்த இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? எந்த நோய் என்பதை வைத்தோ, எவ்வளவு தூரம் என்பதை வைத்தோ முடிவு எடுத்தால் தப்பாகப் போகும். இன்றைக்கு நமக்குத் தெரிய வேண்டிய ஒரு கேள்வி என்ன, அதற்கான பதில் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். பதில் உங்கள் வீட்டில் இருக்கிறதா, குழந்தையின் பேச்சில் இருக்கிறதா, ரத்தக் குழாயில் இருக்கிறதா, தராசில் இருக்கிறதா, டாக்டரின் விரல் நுனியில் இருக்கிறதா? நான் வாரத்தில் சில நாள் நேரிலும் சில நாள் திரையிலும் குழந்தைகளைப் பார்க்கிறேன், கீழே எழுதுவது முழுக்க இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. குழந்தைகளுக்கான கேஸ்ட்ரோ டாக்டரை, அதாவது வயிறு, குடல், ஈரல் சிறப்பு மருத்துவரை, நேரில் போய்ப் பார்ப்பது. வீட்டிலிருந்தபடியே அவரை வீடியோவில் பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் குழந்தை மருத்துவரின் அறையில் உட்கார்ந்துகொண்டு, அந்த மருத்துவரும் நீங்களுமாகச் சேர்ந்து சிறப்பு மருத்துவரைத் திரையில் பார்ப்பது. நீங்கள் இல்லாமலே அந்த இரண்டு மருத்துவர்களும் பேசிக்கொள்வதும் இந்த மூன்றாவது வழியில் சேர்ந்ததுதான். கடைசியாக, பேச்சே இல்லாமல் ரிப்போர்ட்டையும் படங்களையும் மருத்துவமனையின் தளத்தில் போட்டுவிட்டு எழுத்தில் பதில் வாங்குவது. இந்தத் துறையில் மருத்துவர்கள் எல்லா ஊரிலும் குறைவு, பெரும்பாலும் பெரிய நகரத்து மருத்துவமனைகளில்தான் இருப்பார்கள், அதனால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது.

முதலில் எதைத் திரைக்கு முன்னால் கொண்டுவரவே கூடாது

இதற்கு ஒப்பீடே கிடையாது. கைக்குழந்தை பச்சையாக வாந்தி எடுத்தால் குடல் முறுக்கிக்கொண்டிருக்கலாம், சில மணி நேரத்தில் குடலுக்கு ரத்த ஓட்டம் நின்று போகும். யாருக்கும் வீடியோ போட்டுக் காட்டிக்கொண்டிருக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். குழந்தை விட்டுவிட்டுக் காலை மடக்கி அலறி, நடுவில் துவண்டு போய், மலத்தில் ரத்தமும் சளியுமாக ஜெல்லி போல வந்தால் குடலுக்குள் குடல் செருகியிருக்கலாம், அதுவும் அப்படித்தான். பட்டன் பேட்டரியை விழுங்கிவிட்டான் என்ற சந்தேகம் வந்தாலே போதும், உணவுக்குழாயில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் சுவரை அரித்துப் புண்ணாக்கத் தொடங்கும், எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரியும். ரத்த வாந்தி, கருப்பாகத் தார் போன்ற மலம், கல் போல இறுகிய வயிறு, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாமல் சோர்ந்து கிடப்பது, இவற்றுக்கும் சிறப்பு மருத்துவரின் அப்பாயின்ட்மென்ட் தேவையில்லை. பக்கத்தில் எது இருக்கிறதோ அந்த அவசரப் பிரிவு. இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம், சிறப்பு மருத்துவரோடு ஏற்கெனவே வீடியோ தொடர்பு இருக்கும் பெற்றோர்தான் "நாளைக்கு நமக்கு கால் இருக்கிறதே, அதிலேயே கேட்டுக்கொள்வோம்" என்று காத்திருக்கிறார்கள். வசதியே சில சமயம் தாமதத்தைக் கொண்டுவரும்.

நேரில் போவது

நேரில் போனால் கிடைப்பதில் முதலாவது கை. வயிற்றில் எங்கே தொட்டால் குழந்தை முகம் சுளிக்கிறது, ஈரல் எத்தனை விரல் இறங்கியிருக்கிறது, மண்ணீரல் தட்டுப்படுகிறதா, இடது பக்கம் கீழே கெட்டிப்பட்ட மலம் உருண்டையாக இருக்கிறதா என்பதெல்லாம் விரலுக்குத்தான் தெரியும். வீடியோவில் அம்மாவை அழுத்தச் சொல்லி நான் குழந்தையின் முகத்தைப் பார்ப்பேன், குழந்தையைக் குதிக்கச் சொல்வேன் (வயிற்றுக்குள் சவ்வு அழற்சி இருந்தால் குதிக்க மாட்டான், ஒரு தடவை குதித்ததும் வயிற்றைப் பிடித்துக்கொள்வான்), அதெல்லாம் பயன்படும், ஆனால் ஈரலின் ஓரத்தை எந்த அம்மாவாலும் எனக்குச் சொல்ல முடியாது, சொல்லச் சொல்லிக் கேட்பதும் நியாயமில்லை.

இரண்டாவது தராசு. இதைப் பெற்றோர் ரொம்பச் சாதாரணமாக நினைக்கிறார்கள். முதல் மூன்று மாதத்தில் குழந்தை ஒரு நாளைக்கு 20 முதல் 30 கிராம் வரை எடை கூட வேண்டும், வாரத்துக்கு 150 முதல் 200 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்கள் தராசில் அம்மா குழந்தையோடு ஒரு தடவை, குழந்தை இல்லாமல் ஒரு தடவை ஏறிக் கழித்துப் பார்த்தால் வரும் பிழையே அந்த ஒரு வார எடையை விழுங்கிவிடும். அதாவது எடை கூடவே கூடாத குழந்தை கூடியது போலவும், நன்றாகக் கூடிய குழந்தை இளைத்தது போலவும் தெரியும். உயரமும் அப்படித்தான், சுவரில் கோடு போட்டு அளப்பது அழகான ஞாபகம், ஆனால் கிரோன் என்கிற நாள்பட்ட குடல் அழற்சி நோய் இருக்கும் பிள்ளை ஆறு மாதத்தில் வளர்ந்தானா நின்றுவிட்டானா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது. பெரியவர்களின் குடல் நோய்க்கும் குழந்தைகளின் குடல் நோய்க்கும் பெரிய வித்தியாசமே வளர்ச்சிதான். வயிற்று வலியே இல்லாமல் வளர்ச்சி மட்டும் நின்றுபோய்க் கடைசியில் கிரோன் என்று தெரியவரும் பிள்ளைகள் உண்டு. மருந்தின் அளவும் பெரும்பாலும் ஒரு கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்றுதான் போகிறது, எடை தப்பென்றால் மருந்தும் தப்பு.

மூன்றாவது, ஆசனவாயைச் சுற்றிப் பார்க்க வேண்டியவை. கிரோன் நோயில் அங்கே தோல் மடிப்பும் பௌத்திரமும் வரும். வீடியோவில் அதைக் காட்டச் சொல்வதை நான் செய்வதில்லை. வாட்ஸாப்பில் படம் எடுத்து அனுப்பட்டுமா என்று கேட்கும் பெற்றோரிடமும் வேண்டவே வேண்டாம் என்கிறேன், குழந்தையின் அந்தரங்கப் பகுதிப் படம் ஒரு தடவை போனில் ஏறிவிட்டால் எந்தெந்தக் கிளவுடில் போய் உட்காரும் என்று யாருக்கும் தெரியாது. படம் கட்டாயம் வேண்டும் என்றால் மருத்துவமனையின் பாதுகாப்பான தளம் வழியாக மட்டும், அதுவும் மருத்துவர் கேட்டால் மட்டும்.

எண்டோஸ்கோபி (கேமரா குழாய் விட்டு உள்ளே பார்ப்பது), பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது), ஈரல் ஸ்கேன், நரம்பில் ஏற்றும் மருந்து, இவை நேரில்தான் என்பது சொல்லாமலே விளங்கும். ஆனால் எண்டோஸ்கோபிக்கு முன்னால் நடக்கும் பேச்சு, ஏன் செய்கிறோம், மயக்கம் எப்படிக் கொடுப்போம், எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது, இதற்காக ஒரு குடும்பம் முந்நூறு கிலோமீட்டர் வர வேண்டியதில்லை. அது வீடியோவிலேயே நன்றாக நடக்கும். சொல்லப்போனால் தாத்தா பாட்டியும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பதால் வீட்டில் அப்புறம் வரும் சண்டை குறைகிறது.

வீட்டிலிருந்து வீடியோ

இது எங்கே நேரில் பார்ப்பதற்குச் சமம், எங்கே அதைவிட மேல் என்று பார்ப்போம்.

மலச்சிக்கலை முதலில் சொல்லிவிட்டேன். குழந்தைகள் கேஸ்ட்ரோ டாக்டரிடம் வரும் கூட்டத்தில் பெரிய பங்கு அதுதான், பெரும்பாலும் கதையைக் கேட்டே கண்டுபிடித்துவிடலாம். வாரத்துக்கு எத்தனை தடவை, வலிக்கிறதா, ஒளிந்து நின்று காலைப் பின்னிக்கொள்கிறானா (அம்மாக்கள் இதை முக்குகிறான் என்று நினைப்பார்கள், உண்மையில் அவன் அடக்குகிறான்), கழிப்பறை அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் பெரிதாகப் போகிறதா, ஜட்டியில் கறை படுகிறதா. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள குழந்தைகள் கேஸ்ட்ரோ மருத்துவர் சங்கங்கள் 2014 இல் சேர்ந்து வெளியிட்ட வழிகாட்டியே, அறிகுறிகள் தெளிவாக இருந்தால் விரல் விட்டுப் பார்க்கும் பரிசோதனையோ வழக்கமாக எக்ஸ்ரேயோ தேவையில்லை என்கிறது. ஆனால் பிறந்த முதல் மாதத்திலேயே தொடங்கிய மலச்சிக்கல், முதல் மலம் 48 மணி நேரம் தாண்டிப் போனது, வயிறு உப்பி எடை கூடாமல் இருப்பது, முதுகுத்தண்டின் அடியில் குழி அல்லது முடிக்கற்றை, இதில் ஏதாவது ஒன்று வந்தால் நான் வீடியோவை அங்கேயே நிறுத்தி நேரில் வரச் சொல்லிவிடுவேன்.

அடுத்தது அடிக்கடி வரும், பரிசோதனையில் எதுவும் சிக்காத வயிற்று வலி. வலி பொய் இல்லை, குடலும் மூளையும் பேசிக்கொள்ளும் விதத்தில் உள்ள கோளாறு. இதற்கு மாத்திரையைவிட மனப் பயிற்சிகளுக்குத்தான் ஆதாரம் அதிகம், அது அறைக்குள் நடந்தால்தான் பலிக்கும் என்றும் இல்லை. நெதர்லாந்தில் 2017 இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒரு பகுதிப் பிள்ளைகள் சிகிச்சையாளரிடம் நேரில் போய் ஹிப்னோதெரபி என்கிற ஆழ்ந்த தளர்வு மனப் பயிற்சி எடுத்தார்கள், இன்னொரு பகுதியினர் சிடி போட்டு வீட்டிலேயே பயிற்சி செய்தார்கள். ஓராண்டு கழித்து நேரில் போனவர்களில் 71 சதவீதமும் வீட்டில் செய்தவர்களில் 62 சதவீதமும் தேறியிருந்தார்கள். நேரில் போவது கொஞ்சம் முன்னால்தான், ஆனால் ஆய்வாளர்கள் முன்கூட்டியே வைத்த எல்லைக்குள் வீட்டு முறையும் நின்றது. வாரா வாரம் பள்ளியை விட்டுவிட்டு வர முடியாத பிள்ளைக்கு அந்த 9 சதவீதத்தைவிட, கிடைக்கக்கூடிய சிகிச்சை பெரிது என்பது என் கணக்கு. உங்கள் கணக்கு வேறாக இருக்கலாம்.

அப்புறம் பெருங்குடல் புண் நோய், அல்சரேட்டிவ் கொலைடிஸ். இதற்கு பியூகாய் என்று ஒரு மதிப்பெண் முறை இருக்கிறது, வீடியோவுக்கென்றே செய்தது போல இருக்கும், ஆனால் வந்தது 2007 இல். ஆறே கேள்வி: வயிற்று வலி, ரத்தப்போக்கு, மலம் இளகலா கெட்டியா, ஒரு நாளைக்கு எத்தனை தடவை, இரவில் எழுந்து போகிறானா, ஓடியாடுகிறானா. ரத்தப் பரிசோதனையும் வேண்டாம், வயிற்றைத் தொடவும் வேண்டாம். மொத்தம் 85, பத்துக்குக் கீழே என்றால் நோய் அடங்கியிருக்கிறது, 65 அல்லது அதற்கு மேல் என்றால் கடுமை, உடனே மருத்துவமனை. கிரோன் நோய்க்கான மதிப்பெண்ணில் எடை, உயரம், ரத்தம், ஆசனவாய்ப் பகுதி எல்லாம் கேட்கும், அதனால் பெயரளவில் ஒரே குடும்பத்து நோய்கள் என்றாலும் ஒன்று திரைக்கு ஏற்றது, மற்றது பாதிதான் ஏற்றது.

அதே நெதர்லாந்தில் 10 முதல் 19 வயது வரையுள்ள குடல் அழற்சிப் பிள்ளைகளை வைத்து 2018 இல் இன்னோர் ஆய்வு வந்தது. நோய் அடங்கியிருந்த பிள்ளைகள்தான் எல்லோரும். பாதிப் பேர் வழக்கம் போல நேரில் வந்தார்கள், மீதிப் பேர் வீட்டிலிருந்தே அறிகுறிகளைப் பதிவு செய்து, மலத்தில் கால்ப்ரொடெக்டின் என்ற அழற்சிப் புரதத்தைப் பார்க்க மாதிரி அனுப்பினார்கள். ஓராண்டில் நோய்க் கட்டுப்பாட்டில் வித்தியாசமில்லை, செலவு வீட்டு முறையில் குறைவு. "அடங்கியிருந்த" என்பதை மறந்துவிடக் கூடாது. நோய் கொதித்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இந்த முடிவைத் தூக்கிக் கொடுக்க முடியாது.

கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் குடல் கெடும் சீலியாக் நோயும் தொலைவிலிருந்தே பார்த்துக்கொள்ளத் தோதானது, ஏனென்றால் சிகிச்சை முழுக்கச் சாப்பாட்டில் இருக்கிறது. கோதுமை, பார்லி, ரை மூன்றும் இல்லாத உணவு. உணவு ஆலோசகர் சமையலறை அலமாரியைக் கேமராவில் பார்த்தால் ஒரு மணி நேரம் பேசிப் புரிய வைப்பதைப் பத்து நிமிடத்தில் முடித்துவிடுவார். ஐரோப்பிய சங்கத்தின் 2020 வழிகாட்டிப்படி ரத்தத்தில் டிடிஜி ஐஜிஏ என்ற எதிர்ப்பொருளின் அளவு இயல்பைவிட 10 மடங்கோ அதற்கு மேலோ இருந்து, இரண்டாவது ரத்த மாதிரியில் இஎம்ஏ என்ற இன்னோர் எதிர்ப்பொருள் பரிசோதனையும் பாசிட்டிவ் என்றால் பயாப்ஸி இல்லாமலே உறுதி செய்யலாம். ஒரே ஒரு எச்சரிக்கை, வீடியோவில் சந்தேகத்தைக் கேட்டதுமே கோதுமையை நிறுத்திவிடுகிறார்கள் சிலர். ரத்தம் எடுக்கும் முன் நிறுத்தினால் பரிசோதனை பொய்யாக நார்மல் என்று வரும், மறுபடி மாதக்கணக்கில் சாப்பிட வைத்துப் பார்க்க வேண்டியிருக்கும்.

சாப்பிட மறுக்கும் குழந்தை, வயிற்றுக் குழாய் வழியாக உணவு எடுக்கும் குழந்தை, இவர்களுக்கும் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தை அப்படியே பார்க்கக் கிடைப்பது பெரிய வரம். என் அறையில் எந்தக் குழந்தையும் வீட்டில் போல அடம்பிடித்துக் காட்டாது.

இன்னொரு லாபம் பலர் கணக்கில் எடுக்காதது: எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்தில் இருக்கும் பிள்ளை, காய்ச்சலும் இருமலுமாக இருக்கும் கூட்டத்தில் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டியதில்லை.

மூன்றாவது வழி, யாரும் கேட்காதது

எனக்கு ஓர் ஓட்டு இருந்தால் இதற்குத்தான் போடுவேன். பக்கத்துக் குழந்தை மருத்துவரின் அறை. அங்கே சரியான தராசு இருக்கிறது, தொடத் தெரிந்த கை இருக்கிறது, தடுப்பூசி அட்டை முதல் குழந்தையின் முழு வரலாறும் இருக்கிறது. திரையில் நான். அவர் ஈரலைத் தொட்டு "இரண்டு சென்டிமீட்டர், மிருதுவாக இருக்கிறது" என்று சொன்னால் நான் நம்பி முடிவெடுக்கலாம். ரத்தமும் அங்கேயே எடுத்துவிடலாம். முக்கியமாக, அடுத்த தடவை இதே மாதிரி ஒரு குழந்தை வந்தால் அவருக்கு என்னைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருக்காது.

இது வெறும் ஆசை இல்லை, பெரியவர்கள் ஈரல் நோயில் செய்து காட்டியிருக்கிறார்கள். நியூ மெக்சிகோ பல்கலைக்கழகத்தில் சஞ்சீவ் அரோரா என்ற ஈரல் மருத்துவர் 2003 இல் எக்கோ என்ற திட்டத்தைத் தொடங்கினார். அவரிடம் ஹெபடைடிஸ் சி நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள், தூரத்து ஊர்களிலிருந்து வர முடியாதவர்களுக்குச் சிகிச்சையே இல்லை. அவர் நோயாளிகளைத் திரைக்கு இழுக்காமல், அந்தந்த ஊர் மருத்துவர்களை வாரம் ஒருமுறை வீடியோவில் உட்கார வைத்து, அவர்கள் நோயாளிகளைப் பற்றி ஒவ்வொன்றாகப் பேசினார். 2011 இல் வெளிவந்த முடிவில் பல்கலைக்கழக மருத்துவமனையில் நேரடியாகச் சிகிச்சை பெற்றவர்களில் 57.5 சதவீதம் பேருக்கும், ஊர் மருத்துவர்களிடமும் சிறைகளிலும் பெற்றவர்களில் 58.2 சதவீதம் பேருக்கும் வைரஸ் ஒழிந்திருந்தது. 407 நோயாளிகள். அப்போது இருந்த மருந்தோ பக்கவிளைவு நிறைந்த ஊசி, இன்றைய மாத்திரை இல்லை. அதையே ஊர் மருத்துவர்கள் சமாளித்திருக்கிறார்கள் என்றால் குழந்தையின் மலச்சிக்கலையும் சீலியாக்கையும் ஏன் சமாளிக்க முடியாது?

குறை இல்லாமல் இல்லை. இரண்டு மருத்துவர்களின் நேரமும் ஒத்துவர வேண்டும், அது லேசில் நடக்காது. யார் மருந்துச் சீட்டு எழுதுவது, ராத்திரி ரத்தம் போனால் யாரைக் கூப்பிடுவது என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளவில்லை என்றால் குடும்பம் நடுவில் மாட்டிக்கொள்ளும். நான் வேறோர் இடத்தில் வேலை பார்த்தபோது ஒரு பெண்குழந்தைக்கு ஸ்டீராய்டைக் குறைக்கும் அட்டவணையை நான் கொடுத்ததாக ஊர் மருத்துவரும், அவர் கொடுத்ததாக நானும் நினைத்துக்கொண்டோம். இரண்டு வாரம் முழு அளவு மருந்து தேவையில்லாமல் உள்ளே போனது. அன்றிலிருந்து கால் முடியும் முன் "இதை நான் செய்கிறேன், இதை நீங்கள் செய்யுங்கள்" என்று சத்தமாகச் சொல்லி, பெற்றோரையும் எழுதிக்கொள்ளச் சொல்கிறேன்.

எழுத்தில் மட்டும் கேட்பது

இதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஏற்கெனவே பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் காட்டவும், மருந்து அளவை உறுதி செய்யவும், வயிற்றுக் குழாயைச் சுற்றி வளர்ந்த சதையைப் படமெடுத்துக் கேட்கவும் நல்லது. முதல் தடவை பார்க்கும் குழந்தைக்கு வேண்டாம். நான் கேட்க வேண்டிய அடுத்த கேள்விக்குப் பதில் வர இரண்டு நாள் ஆகும், அதற்குள் பாதி மறந்துவிடும்.

அப்படியானால் எதை எப்போது?

நான் செய்வதைச் சொல்கிறேன். எடை குறைந்திருக்கிறது, வளர்ச்சி நின்றிருக்கிறது, மலத்தில் ரத்தம், ராத்திரி தூக்கத்திலிருந்து எழுப்பும் வலியோ பேதியோ, இரண்டு வாரம் தாண்டிய மஞ்சள், ஈரல் பரிசோதனையில் கோளாறு, இவற்றில் ஏதாவது இருந்தால் முதல் சந்திப்பு நேரில்தான். இவை எதுவுமே இல்லாத மலச்சிக்கல், வளர்ச்சி குறையாத வயிற்று வலி, நன்றாக ஓடியாடும் சின்னக் குழந்தையின் இளகல் மலம் என்றால் முதல் சந்திப்பே வீடியோவில் இருக்கலாம். அதற்கு முந்தைய வாரம் பக்கத்து மருத்துவரிடம் எடை உயரம் பார்த்து எழுதி வாங்கிவிட வேண்டும். நாள்பட்ட நோய் என்றால் இரண்டையும் மாற்றி மாற்றி, நோய் அடங்கியிருக்கும்போது வீடியோவின் பங்கைக் கூட்டி, மறுபடி தலைதூக்கும்போது நேரில். பயணம் உண்மையிலேயே முடியாத குடும்பம் என்றால் எல்லாவற்றுக்கும் முன்னால் மூன்றாவது வழி.

வீடியோ என்று முடிவானால் சில சின்ன விஷயங்கள். குழந்தை கூட இருக்க வேண்டும். சிரிக்காதீர்கள், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தனியாக வந்து உட்காரும் பெற்றோர் எத்தனையோ பேர். ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால் எனக்கு நிழல்தான் தெரியும். மல நிறம் காட்டுவதென்றால் பகல் வெளிச்சத்தில், பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாள் வைத்துப் படமெடுங்கள், தாள் வெள்ளையாகத் தெரிந்தால்தான் நிறத்தை நம்பலாம். மலத்தின் வடிவத்தைப் படமாகக் காட்டும் பிரிஸ்டல் அட்டையில் உள்ள ஏழு வகையில் எது என்று ஒரு வாரம் குறித்து வைத்திருந்தால் பத்து நிமிடம் மிச்சம். மருந்து பாட்டில்களை அப்படியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயரைச் சொல்வதைவிட லேபிளைக் காட்டுவது மேல், ஒரே மருந்து இரண்டு அடர்த்தியில் வரும்.

பதின்வயதுப் பிள்ளைகள் விஷயம் தனி. நேரில் வந்தால் "அம்மா, ஐந்து நிமிடம் வெளியே இருங்கள்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசுவேன். வீடியோவில் கதவுக்கு அந்தப் பக்கம் யார் நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது, பிள்ளைக்குத் தெரியும். அதனால் இயர்போன் போட்டுக்கொள்ளச் சொல்லி, ஆமாம் இல்லை என்று மட்டும் பதில் வரும்படி கேள்வி கேட்பேன். பதினாலு வயதுப் பெண் ஒருத்தி, பெருங்குடல் புண் நோய், பியூகாய் மூன்று மாதமாக நன்றாக இருந்து திடீரென்று 30 ஆகியிருந்தது. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறாயா என்றதற்கு "போடுகிறேன்" என்று சத்தமாகவே சொன்னாள். சொல்லிக்கொண்டே கீழே சாட் பெட்டியில் தட்டினாள்: மூணு வாரமா போடல, அம்மாட்ட சொல்லாதீங்க. சரி என்று தலையாட்டினேன், இன்றைக்கே திரும்பத் தொடங்கு என்று நானும் தட்டினேன், அடுத்த சந்திப்பை ஒரு வாரத்தில் நேரில் வைத்தேன். எதற்கு இவ்வளவு சீக்கிரம் என்று அவள் அம்மா கேட்டபோது, எடையும் உயரமும் பார்க்க வேண்டும் என்றேன். அதுவும் உண்மைதான்.